உச்சிவேளையில் வந்த கை

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நாங்கள் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். என் கணவர் ஒரு மொத்தப் பலசரக்குக் கடையில் கணக்குப் பார்த்துவந்தார். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஒருநாள் விறகு பிளந்துகொண்டிருந்தபோது ஒரு சிராய் தெறித்து என் வலது கண்ணில் பட்டது. முதலில் சிவந்தது. பிறகு நாள் முழுக்க நீர் வடிந்தது. நாட்டு வைத்தியம் எல்லாம் பார்த்தோம். மெல்ல மெல்லக் கருவிழியில் பாலாடை படிந்ததுபோல ஒரு வெள்ளை பரவி, அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. இனியும் தள்ளிப்போட்டால் மற்றக் கண்ணுக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு என் கணவர் என்னை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்ல வேண்டாம். அந்தக் கட்டிடமே இப்போது இல்லை.

இந்தக் காலத்தில் கண் ஆபரேஷன் செய்துகொண்டு சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அப்போது அப்படி இல்லை. ஒரு கண்ணில் செய்தாலும் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையுமாம். தலையின் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துவிடுவார்கள். மல்லாக்கப் படுத்தது படுத்தபடி கிடக்க வேண்டும். இருமக்கூடாது, சிரிக்கக்கூடாது, அழக்கூடாது. கஞ்சிதான் சாப்பாடு. பேச்சுக் கொடுத்துச் சிரிக்கவோ அழவோ வைத்துவிடுவார்கள் என்று துணைக்கு ஆள் இருக்கவும் அனுமதி இல்லை. சாயங்காலம் கொஞ்ச நேரம் மட்டும் வீட்டார் வந்து பார்க்கலாம்.

அந்த வார்டில் என்னைப் போலவே கண் கட்டிக் கிடந்தவர்கள் ஏழெட்டுப் பெண்கள். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. குரலை வைத்துத்தான் ஆள். எங்களைப் பார்த்துக்கொண்டது ஒரு நர்ஸ். கோட்டயம் பக்கத்துக்காரி, கறாரான பெண்மணி. "அனங்கல்லே!" என்பதுதான் அவள் வாயில் எப்போதும். அசையாதே என்று அர்த்தம். அவளுக்குக் கீழே ஒரு ஆயா. தண்ணீர் கொடுப்பது, உடம்பு துடைப்பது, பெட்பேன் வைப்பது எல்லாம் அவள்தான். விடியலிலிருந்து இருட்டும்வரை உழைத்தாள். ஆனால் வாய் திறக்கமாட்டாள்.

எங்கள் சங்கடம் அங்கேதான் ஆரம்பமானது. கண் கட்டிக் கிடப்பவளுக்கு எல்லாம் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து திடீரென்று ஒரு கை வந்து காலைப் பிடித்து இழுக்கும். வாய்க்குள் எதையோ திணிக்கும். புடவையை விலக்கும். ஆரு என்ன என்று ஒரு வார்த்தை இருக்காது. உடம்பு தூக்கிப்போடும். உடனே "அனங்கல்லே!" என்று திட்டு விழும். நாங்களும் சும்மா இருக்கவில்லை. ஒருத்தி கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். ஒருத்தி ஆயாவின் விரலைக் கடித்தே விட்டாள். நர்ஸ் கோபித்துக்கொண்டு அவளைப் பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டாள். நாங்களும் அவர்களும் ஒருவருக்கொருவர் விரோதிகள்போல ஆகிவிட்டோம்.

என் பக்கத்துக் கட்டிலில் ஒரு மாமி. கோட்டைக்குள் அக்ரகாரத்தைச் சேர்ந்தவள். ஐம்பது வயதிருக்கும், குரல் மட்டும் இளசு. ஆயா தொட்ட தண்ணீரைக் குடிக்கமாட்டேன் என்று முதல் நாள் அடம்பிடித்தாள். தாகம் தாங்காமல் மறுநாள் குடித்துவிட்டாள். "என்னடி பண்றது பொண்ணே, நாக்கு ஒட்டிண்டுடுத்து" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கக்கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, அந்தக் கை முதல் தடவையாக வந்தது.

நல்ல மத்தியானம். சித்திரை மாத வெயில். நர்ஸ் சாப்பிடப் போயிருப்பாள். ஆயா அடுக்களைப் பக்கம் போயிருப்பாள். அந்த நேரத்தில் வார்டில் ஒரு மாதிரி அமைதி விழும். காக்காய்கூடக் கத்தாது. வெளியே உச்சி வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, எங்களுக்கு மட்டும் நடுச்சாமம்.

சுவரில் துணி உரசுகிறமாதிரி ஒரு சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் இல்லை. அது ஒவ்வொரு கட்டிலாக நின்று நின்று வந்தது. ஈரத் துணியின் வாடை அடித்தது. பிறகு என் நெற்றியில் ஒரு கை விழுந்தது. ஜில்லென்று, ஈரமாக. என் கட்டின்மேல் மெதுவாக ஊர்ந்தது. மூக்கைத் தொட்டது. கன்னம், மோவாய் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது. மருந்து போடவோ துடைக்கவோ வந்த கை மாதிரி இல்லை அது. என் முகத்தில் எதையோ தேடியது. தேடியது கிடைக்காததுபோல எடுத்துக்கொண்டது.

"ஆயாவா?" என்றேன்.  துணி உரசும் சத்தம் மட்டும் மாமியின் கட்டில் பக்கம் போனது.

ஆயா திரும்பி வந்ததும் கேட்டேன். 

"இவிடெ ஆரும் வந்நில்ல அம்மா. ஸ்வப்னம் கண்டதாயிருக்கும்" என்றாள். யாரும் வரவில்லை, கனவுதான் என்று சொல்லிவிட்டு அவசரமாக நகர்ந்துவிட்டாள். அவளும் பயந்துவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

மறுநாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். இப்போது மற்றப் பெண்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் அதே நேரம், அதே ஈரக் கை, அதே தடவல். மூலைக் கட்டிலில் கிடந்த ஒருத்தி ஒரு கதை சொன்னாள். இந்த வார்டுக்குப் பின்னால் மாமரத்தடியில்தான் பிணங்களைப் போட்டுவைக்கும் கொட்டகை இருக்கிறதாம். முன்பு ஒருத்தி கண்கட்டை அவிழ்க்காமலே இங்கே செத்துப்போனாளாம். தன் கண்ணை யாருக்கு எடுத்து வைத்துவிட்டார்கள் என்று அவள்தான் தேடிக்கொண்டு வருகிறாளாம். "வளையல் சத்தம் கேட்டுது, நான் கேட்டேன்" என்று அவள் சத்தியம் செய்தாள். நான் எந்த வளையல் சத்தத்தையும் கேட்கவில்லை. ஆனால் அவள் சொன்ன பிறகு என் காது அதையே எதிர்பார்த்துக் கிடந்தது.

நர்ஸிடம் சொன்னோம். வார்டில் பேய்க்கதை பேசினால் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்றாள். ஆயாவிடம் சொன்னோம். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். சொன்னால் நம்ப ஆளில்லை, எழுந்து ஓட உடம்புக்கு அனுமதியில்லை. மத்தியானம் நெருங்க நெருங்க ஏழெட்டுப் பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்போம். சவம் கிடப்பதுபோல.

ஒரு மத்தியானம் மாமி அலறினாள்.

அப்படி ஒரு அலறலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. கட்டில் கிரீச்சிட்டது. மணல் மூட்டை தரையில் தொப்பென்று விழுந்தது. படுத்திருக்க வேண்டியவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. யாரோ ஓடிவந்தார்கள். ஓடிவந்தது ஆயா. "ஐயோ அம்மே, கிடக்கூ, கிடக்கூ" என்று படுத்துக்கொள்ளச் சொல்லி அவள் கெஞ்சுவது கேட்டது. மாமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "என் கழுத்தில கை வச்சா! சங்கிலியைப் பிடிச்சா!" என்று கத்தினாள்.

டாக்டர் வந்தார். நர்ஸும் அவரும் இங்கிலீஷில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த பாஷை தெரியாது. ஆனால் அந்தக் குரல் புரிந்தது. கண்ணுக்குள் ரத்தம் இறங்கிவிட்டதாம். அந்தக் கண் இனி வராது என்று சாயங்காலம் மாமியின் மைத்துனர் வராந்தாவில் நின்று போட்ட சத்தத்தில்தான் தெரிந்துகொண்டோம். சங்கிலியைப் பறிக்க வந்த ஆயாதான் காரணம் என்று அவர் முடிவே செய்துவிட்டார். வராந்தாவில் ஒரு அறை விழுந்த சத்தம் கேட்டது. ஆயாவின் அழுகையும் கேட்டது. "ஞான் ஒண்ணும் எடுத்திட்டில்ல, சத்தியமாயிட்டும்" என்பதைத் தவிர அவள் வேறெதுவும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஆயாக்களும் வார்டு வேலைக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து முற்றத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். தங்களில் ஒருத்தியைத் திருடி என்று அடித்த இடத்தில் வேலை செய்யமாட்டோம் என்றார்கள். அடிபட்ட ஆயாவை ஆபீஸ் அறையில் உட்காரவைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லா வார்டுக்கும் சேர்த்து இரண்டே நர்ஸுகள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

காலையில் ஒரு வாய் கஞ்சி கிடைத்தது. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

வெயில் ஏற ஏற நாக்கு வறண்டது. முதலில் மெதுவாகக் கூப்பிட்டோம். பிறகு ஆளாளுக்குக் கூப்பிட்டோம். "தண்ணி… வெள்ளம்… ஒரு வாய் தண்ணி…" யாரும் திரும்பிக் குரல் கொடுக்கவில்லை. ஓட்டுக்கூரை சூட்டில் டிக் டிக்கென்று வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர்ப் பானை வார்டின் கோடியில்தான் இருந்தது, எழுந்து நாலு எட்டு நடந்தால் போதும். ஆனால் மாமிக்கு நடந்ததைக் கேட்டபிறகு யாருக்குத் தலை தூக்கத் துணிச்சல் வரும்?

அப்போது பானையில் பாத்திரம் மொள்ளும் சத்தம் கேட்டது.

மூலைக் கட்டிலில் "வெள்ளம், வெள்ளம்" என்று முனகிக்கொண்டிருந்தவளின் குரல் சட்டென்று நின்றது. துணி உரசும் சத்தம். அடுத்த கட்டில். அவள் குரலும் நின்றது. பிறகு அடுத்தவள். ஒவ்வொரு குரலாக அணைந்துகொண்டு, அந்த அமைதி என்னை நோக்கி வந்தது. அவர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. வேறு எதுவோ நடக்கிறது என்றுதான் தோன்றியது. என் வாயும் தானாக மூடிக்கொண்டது. வியர்வை காதுக்குள் இறங்கியது. ஈரத் துணி வாடை பக்கத்தில் வந்து நின்றது.

அந்தக் கை என் நெற்றியில் விழுந்தது. அதே ஜில்லிப்பு. மூக்கைத் தொட்டது, உதட்டைக் கண்டுபிடித்தது. பிறகு ஒரு கிண்டிச் செம்பின் மூக்கு என் வாயோரத்தில் வந்து பட்டது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. புரைக்கேறிவிடாதபடி, நிறுத்தி நிறுத்தி.

நான் குடித்தேன். குடித்து முடித்ததும், எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது, தலையை அசைக்காமல் கையை மட்டும் தூக்கி அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அது உதறிக்கொள்ளவில்லை. எலும்பும் தொளதொளத்த தோலுமான கை. வளையல் இல்லை. நாடி துடித்தது. பேய்க்கு நாடி துடிக்குமா?

"ஆரு நீங்க? ஏன் பேச மாட்டேங்கிய?" என்றேன்.

பதிலுக்கு, என் கட்டிலோரம் யாரோ மண்டியிட்டு உட்காருவது தெரிந்தது. நான் மற்றக் கையையும் நீட்டினேன். அந்தக் கை என்னைத் தடவியதுபோலவே நானும் தடவினேன். நரைமுடி, சுருக்கம் விழுந்த நெற்றி. அதற்குக் கீழே கண் இருக்க வேண்டிய இடத்தில் என் விரல்கள் இரண்டு குழிகளில் இறங்கின. நான் மூச்சை இழுத்துக்கொண்டேன். ஒட்டிப்போன இமைகள். எந்தக் காலத்திலோ பார்வை போன ஒரு கிழவியின் முகம். எங்கள் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், அவளுக்கு அவிழ்க்க ஒன்றுமில்லை.

அவள் என் உள்ளங்கையை எடுத்துத் தன் வாயின்மேல் வைத்துக்கொண்டாள். உதடுகள் இறுக மூடியிருந்தன.

"பேசக்கூடாதா?"

என் கைக்குள்ளேயே அந்தத் தலை ஆமாம் என்று அசைந்தது.

"ஆரு சொன்னா?"

அதற்குள் வராந்தாவில் பல காலடிகள் கேட்டன. கிழவி அப்படியே என் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒடுங்கிவிட்டாள். ஆனால் என் கையை விடவில்லை. நானும் விடவில்லை.

வந்தவர்கள் மாமியின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நர்ஸின் குரல் கேட்டது. மாமியின் மைத்துனர் குரல் கேட்டது. நடுவில் ஆயாவின் விசும்பலும் கேட்டது.

"மன்னி, இவதானே? ஒரு வார்த்தை சொல்லிடுங்கோ. போலீஸ்காரன் வெளியில நிக்கறான்" என்றார் மைத்துனர்.

 முந்தின நாள் அலறிய பிறகு மாமி யாரோடும் பேசவில்லை. அவளுடைய அந்த இளசான குரல் ஒரே நாளில் கிழடு தட்டியிருந்தது.

"என் கண்ணைக் கட்டியிருக்கே, நான் எப்படிப் பார்த்துச் சொல்றது? அவ கையை இப்படிக் கொடு."

"அவ கையையா?" என்று மைத்துனர் தயங்கினார்.

"என்மேல பட்டது கைதானே. கொண்டா இங்க."

நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தோம். ஆயாவின் விசும்பல்கூட நின்றுவிட்டது. மாமி அந்தக் கையை ரொம்ப நேரம் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். அந்த இடுக்கில் கிழவியின் விரல்கள் என் கையை நெரித்தன. நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லலாம். சொன்னால் திருட்டுப்பழி போகும். ஆனால் இந்தக் கிழவி யார், இவளுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் தவித்துக்கொண்டிருக்கும்போதே மாமி பேசினாள்.

"இது இல்லை."

"மன்னி, நன்னா யோசிச்சு…"

"யோசிச்சுத்தான் சொல்றேன். இது சுடற கை. உள்ளங்கையெல்லாம் காய்ச்சுக் கிடக்கு. அது பச்சைத் தண்ணில ஊறினாப்பல இருந்தது. தோல் கழண்டு தொங்கித்து. சங்கிலி என் கழுத்திலேயேதான் இருக்கு. மூஞ்சியைத் தடவிண்டு வந்த கை அதிலயும் பட்டிருக்கும். நான்தான் பயந்து எழுந்துட்டேன். இவ இல்லை. என் கண்ணு போனதுக்காக ஒருத்திமேல பொய் சொல்லமாட்டேன்."

 அவள் "ஆமாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் அவளைக் குறைசொல்லியிருக்கமாட்டார்கள்.

"அப்போ அது யார் கை?" என்றார் மைத்துனர்.

 கண் கட்டிய பெண்கள் கிடந்த அந்த வார்டின் நடுவிலிருந்து, அதுவரை எங்களில் யாருமே கேட்டிராத ஒரு குரல் எழுந்தது. துருப்பிடித்த கதவு திறப்பதுபோல.

"அது ஞானாணு மோளே. அவளை ஒண்ணும் செய்யல்லே."

நான்தான் அது, அவளை ஒன்றும் செய்துவிடாதே என்றது அந்தக் குரல். கிடந்தவர்கள் வீரிட்டார்கள். மூலைக் கட்டில்காரி முருகா முருகா என்று கதறினாள். "அனங்கல்லே! ஆரும் அனங்கல்லே!" என்று நர்ஸ் கத்தினாள், ஆனால் அவள் குரலும் நடுங்கியது. "அம்மே!" என்று ஆயா ஓடிவந்து என் கட்டிலோரத்தில் விழுந்தாள்.

பிறகுதான் எல்லாம் வெளிவந்தது. கிழவி ஆயாவின் தாயார். பல வருடங்களுக்கு முன் வந்த அம்மையில் இரண்டு கண்ணும் போய்விட்டன. பார்த்துக்கொண்டிருந்த மகன் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் தனியாக விட்டால் அடுப்பிலோ கிணற்றிலோ விழுந்துவிடுவாள் என்று ஆயா அவளைத் தினமும் விடியலில் கூட்டிவந்து, வார்டுக்குப் பின்னால் துணி போட்டுவைக்கும் அறையில் உட்காரவைத்துவிடுவாளாம். நனைந்த துணிகளைப் பிழிந்து கொடுத்துக்கொண்டு கிழவி அங்கேயே இருப்பாள். யாராவது உன் குரலைக் கேட்டால் என் வேலை போய்விடும், என்ன ஆனாலும் வாய் திறக்காதே என்று மகள் சொல்லிவைத்திருந்தாள். மத்தியானத்தில் மகள் அவளுக்குச் சோறு வாங்க அடுக்களைக்குப் போய்விடுவாள். மகள் வரத் தாமதமானால் கிழவிக்குப் பயம் வந்துவிடும். சுவரைத் தடவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தன் மகளைத் தேடியிருக்கிறாள். கூப்பிட்டுத் தேட முடியாது, பேசக்கூடாதே.

திருடி என்று அடித்தபோதுகூட ஆயா இதைச் சொல்லவில்லை. சொன்னால் தாயையும் தன்னையும் சேர்த்துத் துரத்திவிடுவார்கள் என்ற பயம். அன்றைக்கும் தாயைக் கொண்டுவந்து உட்காரவைத்த கையோடு அவளை ஆபீஸில் பிடித்துவைத்துவிட்டதால் கிழவி காலையிலிருந்து பட்டினி. அந்தப் பட்டினியோடுதான் எங்களுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

சட்டப்படி பார்த்தால் இருவரையும் அப்போதே வெளியே அனுப்பியிருக்க வேண்டும். நர்ஸ் அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் வாய் திறப்பதற்குள் மாமி பேசினாள்.

"நர்ஸம்மா, தினம் எங்க மேல எத்தனை கை விழறது! ஒரு கையாவது நான் இன்னார், இதுக்கு வந்திருக்கேன்னு சொல்லிண்டு வந்ததா? அந்தக் கிழவி பேசப்படாதுன்னு பொண்ணு சொல்லித்து, அதனால பேசலை. நீங்கள்ளாம் ஏன் பேசலை?"

 நர்ஸின் செருப்புச் சத்தம் நகர்ந்து மாமியின் கட்டிலோரம் போய் நின்றது. பிறகு, அங்கே நாங்கள் கிடந்த அத்தனை நாளில் முதல் தடவையாக, அவள் அடங்கிய குரலில் சொன்னாள்:

"நான் நர்ஸாணு. உங்க கையைத் தொடப்போகுது."

போலீஸ்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மைத்துனர் ஆயாவிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் என் காதில் விழுந்திருக்கும். முற்றத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சாயங்காலம் வேலைக்கு வந்தார்கள். மறுநாளிலிருந்து எந்தக் காலடி வந்தாலும் கூடவே ஒரு குரல் வந்தது. "ஞான் ஆயா, கஞ்சி கொண்டுவந்நு." "ஞான் ஆயா, கால் துடைக்கான் போகுந்நு." டாக்டர்கூடக் கூச்சத்தோடு தொண்டையைச் செருமிக்கொண்டு "டாக்டர்" என்று சொல்லிவிட்டுத்தான் பக்கத்தில் வந்தார். நாங்களும் "சரி" என்போம். அந்த "சரி" சொல்லக் கிடைத்ததே பெரிய விஷயமாக இருந்தது. அதற்குப் பிறகு கிண்ணத்தை யாரும் தட்டிவிடவில்லை, யாரும் யாரையும் கடிக்கவில்லை.

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்றும் சொல்லமுடியாது. கண் தெரியாத கிழவியை வார்டுக்குள் விட்டாளே என்று சிலர் ஆயாவைக் கரித்துக்கொட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். மாமியும் சில நாள் ஆயாவோடு பேசவில்லை. அவள் குரல் கேட்டால் மௌனமாகிவிடுவாள். இழந்தது அவளுடைய கண் அல்லவா? வளையல் சத்தம் கேட்டது என்று மூலைக் கட்டில்காரி மட்டும் கடைசிவரை சாதித்தாள். கிழவி கையில் வளையல் இல்லை என்பது எனக்குத் தெரியும். பயத்தில் காது எதையும் கேட்கும் என்று வைத்துக்கொண்டேன். ஆனாலும் மத்தியான நேரத்தில் அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கும்.

என் கட்டை அவிழ்த்த அன்று முதலில் வெளிச்சம் வலித்தது. பிறகு வார்டு தெரிந்தது. அத்தனை பெரிய இருட்டாக இருந்த இடம் ஒரு சின்ன ஓட்டுக் கட்டிடம். மாமி பக்கத்துக் கட்டிலில் இன்னும் கட்டோடு கிடந்தாள். நினைத்ததைவிட ஒல்லியான உருவம். "எப்படிடி இருக்கு இந்த இடம்?" என்று கேட்டாள். ஜன்னலுக்கு வெளியே மாமரம் காய்த்திருக்கிறது என்றேன். அடுத்த கட்டிலிலிருந்து நீண்ட அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கிழவியைத் தேடினேன். சில நாள் பின் வராந்தாவில் உட்கார நர்ஸ் அனுமதித்திருந்தாளாம். என் கட்டு அவிழ்வதற்குள் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று ஆயா சொன்னாள். ஆயாவை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறேன். கன்னத்தில் அறையின் தடம் மஞ்சளாகக் கன்றியிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிழவியின் முகத்தை நான் கண்ணால் பார்க்கவே இல்லை. என் விரல்களுக்கு மட்டும்தான் அது தெரியும்.

அதன்பிறகு என் பிரசவம், கணவரின் கடைசி நோய், பேரனின் காய்ச்சல் என்று எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் இருந்துவிட்டேன். நோயாளி நர்ஸைத் திட்டுவதையும், நர்ஸ் நோயாளிமேல் எரிந்துவிழுவதையும் எங்கும் பார்க்கிறேன். இரண்டு பேரும் கெட்டவர்கள் என்று எனக்குத் தோன்றுவதில்லை. படுத்துக் கிடப்பவருக்கு எல்லாக் காலடியும் இருட்டிலிருந்துதான் வருகிறது. வருகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் அது மனிதருடைய கை, சொல்லாமல் வந்தால் அதே கை பேயின் கை. இதை அந்த வார்டில் கிடந்து தெரிந்துகொண்ட நாளிலிருந்து, தூங்கும் குழந்தையின் போர்வையைச் சரிசெய்யப் போனாலும், நான் வருகிறேன் என்று சொல்லாமல் என்னால் ஒருவரையும் தொட முடிந்ததில்லை.